டிஸ்க் போட முடியாத கன்சோலை ஏற்காட்டுக்கு வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கராக இருக்கிறேன். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த வீடியோ கேம் கன்சோலை இப்போது கேட்கிறான். சேலத்தில் ஒரு கடையில் பிளேஸ்டேஷன் 5 தனியாகக் கிடையாது, இரண்டு கேமும் இன்னொரு கன்ட்ரோலரும் சேர்த்து வாங்கினால் தருகிறோம் என்கிறார்கள். பெங்களூர்க்காரர் ஒருவர், துபாயில் வாங்கிய பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, சீல் பிரிக்காதது, ஆனால் பில் இல்லை என்று விளம்பரம் செய்திருக்கிறார். என் மைத்துனரின் நண்பர் ஜப்பானில் வாங்கி வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ஐ மலிவாகத் தருகிறேன் என்கிறார். எங்களிடம் இருந்த பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) பழுதாகிவிட்டது, அதன் டிஸ்க்குகள் இருக்கின்றன. டிவிடி, விசிடிப் படங்களும் ஒரு பெட்டி நிறைய உண்டு. இணைய வேகம் 15 எம்பிபிஎஸ் தாண்டாது. எதை வாங்குவது?

பதில்: டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5-ஐ வாங்குங்கள். இந்தியாவில் விற்பனைக்கு வந்த பெட்டியாக இருக்கட்டும், ஜிஎஸ்டி பில் இருக்கட்டும். தலையில் கட்டும் கூடுதல் சரக்கு வேண்டாம். இன்று கிடைக்காவிட்டால் சில வாரங்கள் பொறுங்கள். மற்ற இரண்டையும் மறந்துவிடலாம்.

மூன்று வாய்ப்புகளையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்வது கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்த 15 எம்பிபிஎஸ்தான். இன்றைய பெரிய கேம் ஒன்று 100 ஜிபி அளவைச் சாதாரணமாகத் தொடுகிறது. உங்கள் இணைப்பு ஒரு நொடிகூட அறுபடாமல், வீட்டில் வேறு யாரும் போனைத் தொடாமல் இருந்தால்கூட அதை இறக்க ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். மாலையானால் மூடுபனியும் மின்தடையும் சேர்ந்து வரும் ஊரில் அது இரண்டு மூன்று நாள் வேலை. கன்சோலின் உள்நினைவகம் நிரம்பியதும் ஒரு கேமை அழித்து இன்னொன்றை ஏற்ற வேண்டியிருக்கும். அழித்ததை மறுபடி விளையாட ஆசைப்பட்டால் மீண்டும் 15 மணி நேரம். சேலம் ஃபேர்லாண்ட்ஸில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு டிஸ்க் இல்லாத கன்சோல் ஒரு வசதி. உங்களுக்கு அது தண்டனை.

டிஸ்க்கிலும் எல்லாம் இருந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஎஸ்5-இல் டிஸ்க்கைப் போட்டதும் அதிலுள்ள தரவு உள்நினைவகத்துக்கு நகல் ஆகும். விளையாட்டு அங்கிருந்துதான் ஓடும். உங்களிடம் உரிமை இருக்கிறது என்று காட்டும் சாவியாக டிஸ்க் டிரைவிலேயே இருக்க வேண்டும். பெரும்பாலான கேம்களில் அந்த நகல் இணையம் இல்லாமலே முடிந்துவிடுகிறது. பிறகு வரும் திருத்தங்களை மட்டும் இறக்கினால் போதும். ஆனால் சில நிறுவனங்கள் பெயருக்கு ஒரு டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மற்றதை இணையத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-இன் டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி சொச்சம்தான். 2025-இல் டூம் தி டார்க் ஏஜஸும் அதே வழியில் வந்தது. முழு விலை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வதை என்னால் நாகரிகமாக விமர்சிக்க முடியவில்லை. எனவே ஒவ்வொரு கேமையும் வாங்குமுன் உறையின் அடியில் சிறிய எழுத்தில் இணையம் தேவை, பதிவிறக்கம் தேவை என்று ஏதேனும் அச்சிட்டிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு மாறாக, 2024-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த் இரண்டு டிஸ்க்குகளாக வந்தது. ஒன்று தரவை ஏற்ற, மற்றது விளையாட. உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற வகை அது.

இப்போது பெங்களூர்ப் பெட்டி. பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பர் 7 அன்று வெளியானபோது விற்பனை நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதிலுள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். துபாய்ப் பெட்டிக்கு இந்திய வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. பில்லும் இல்லை என்றால் எந்த நாட்டு வாரண்டியும் இல்லை. அதைவிட முக்கியம், ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். பொருத்திய பிறகு இணையம் வழியாக ஒருமுறை இணைத்தால்தான் அது வேலை செய்யும். இவ்வளவு செய்த பிறகும் உங்கள் படங்களில் ஒரு சிக்கல் மிச்சம். கேம் டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, எந்த நாட்டு பிஎஸ்5-இலும் ஓடும். ஆனால் படங்களுக்குப் பூட்டு உண்டு. டிவிடியில் இந்தியா 5-ஆம் மண்டலம், துபாய் 2-ஆம் மண்டலம். டிவிடிக்குப் பின் வந்த புளூரே டிஸ்க்கில் இந்தியா சி, துபாய் பி. மண்டலக் குறி இல்லாத டிவிடிகள் ஓடும், 5 என்று குறியிட்டவை ஓடாது.

கேமில் இந்த நாட்டு விவகாரம் வேறு வடிவில் வரும். டிஸ்க் எங்கும் ஓடினாலும், அதற்கு இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள், டிஸ்க் எந்தப் பிரதேசத்துக்கு அச்சிடப்பட்டதோ அந்தப் பிரதேசத்துக் கணக்கில் வாங்கினால்தான் பொருந்தும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் கூடுதல் பகுதி வாங்கிவிட்டு, ஏன் திறக்கவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

ஜப்பான் ஸ்விட்ச் 2 மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் அது இரண்டு வகையாக வந்தது. ஒன்று 49,980 யென், மற்றொன்று 69,980 யென். மலிவான வகையில் கன்சோலின் மொழி ஜப்பானியம் மட்டும். ஜப்பான் என்று நாடு பதிந்த நின்டெண்டோ கணக்கை மட்டுமே அதில் இணைக்க முடியும். மைத்துனரின் நண்பரிடம் ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள்: கன்சோலை இயக்கி, அமைப்புகளில் மொழிப் பட்டியலைத் திறந்து, அதைப் படம் எடுத்து அனுப்பட்டும். அங்கே ஆங்கிலம் இல்லை என்றால் பேச்சு முடிந்தது. இருந்தாலும் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வருவது அட்டை, டிஸ்க் அல்ல. உங்கள் பிஎஸ்4 சேகரிப்பு முழுக்க வீண். தவிர, அதன் கேம்களில் பலவும் 'கேம் கீ கார்டு' என்ற வகை: அட்டையில் கேம் இருக்காது, சாவி மட்டும் இருக்கும், கேமை இறக்கிக்கொள்ள வேண்டும். மறுபடி அந்த 15 எம்பிபிஎஸ்.

பழைய ஸ்விட்ச் 2 வாங்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. முன்பு வைத்திருந்தவர் திருட்டு கேம் கார்டு பயன்படுத்தியிருந்தால் அந்தக் கன்சோலையே நின்டெண்டோ இணையச் சேவையிலிருந்து விலக்கிவிடுகிறது. கணக்கை மாற்றினாலும் தடை நீங்காது. பணம் கொடுக்குமுன் விற்பவர் கண்ணெதிரே இணையக் கடையைத் திறந்து பாருங்கள்.

சேலம் கடைக்கு வருவோம். 'தனியாகத் தர மாட்டோம், சேர்த்துத்தான் வாங்க வேண்டும்' என்பது வியாபாரத் தந்திரம் மட்டுமல்ல. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. நிறுவனமே பெட்டியில் ஒரு கேமை வைத்து, ஒரே எம்.ஆர்.பி. அச்சிட்டு அனுப்பும் 'பண்டில்' வேறு, அது முறையானது. கடைக்காரர் தன்னிடம் விற்காமல் தேங்கிய கேமை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தருவது வேறு. பில்லைத் தனித்தனியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பாதிக் கடைகள் இறங்கி வரும். இறங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, சேலத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கடையில் எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் அது எடையளவுச் சட்டத்தின் கீழ் வரும். தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். தனி ஒருவர் தன் பொருளை விளம்பரம் செய்து கூடுதலாக விற்பதை இந்த வழியில் பிடிப்பது கடினம். அங்கே உங்களைக் காப்பது பில்லும் பொறுமையும்தான்.

பொறுமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதிய கன்சோல் வந்தவுடன் தட்டுப்பாடு வருவது எப்போதும் நடிப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மையில்லை. 2006-இல் பிஎஸ்3 வந்தபோது, புளூரேயைப் படிக்கும் நீல லேசர் டயோடுகள் போதிய அளவு தயாராகவில்லை. ஐரோப்பிய வெளியீட்டை 2007 மார்ச்சுக்குத் தள்ளினார்கள், ஜப்பானுக்கு முதல் நாளில் ஒரு லட்சம் பெட்டிகள்தான் என்றார்கள். 2020-இல் பிஎஸ்5 வந்தபோது உலகம் முழுக்கச் சிப் பஞ்சம். இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-இல் தான் வந்தது, 49,990 ரூபாய்க்கு. ஜனவரி 12 முன்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்தது. முதல் நாள் படத்துக்குப் பிளாக்கில் டிக்கெட் விற்பதைப் போல உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. ஜப்பானில் சில கடைகள் வாங்குபவரின் பெயரைப் பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுத்தன, மறுவிற்பனைக்குப் போகக்கூடாது என்று. தட்டுப்பாடு தீர்ந்தது என்று பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அறிவித்தது 2023 ஜனவரியில்.

பொறுத்தவர்கள் எல்லோரும் லாபம் பார்த்தார்களா என்றால், அதுவும் இல்லை. 2022 நவம்பரில் இந்தியாவில் எம்.ஆர்.பி.யே 54,990 ஆனது. ஐயாயிரம் ரூபாய் கூடுதல். அப்படியானாலும் அது பில்லில் ஏறும் ஐயாயிரம். வாரண்டி தெரியாத பெட்டிக்குப் பிளாக்கில் கொடுக்கும் ஐயாயிரமும் அதுவும் ஒன்றல்ல. உங்கள் நிலையில், பிஎஸ்5 வெளியாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு கடையில் இருப்பு இல்லை என்பதை ஊரில் இருப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேலம் ஐந்து ரோடு பக்கம் இல்லையென்றால் கோவைக்கும் ஆன்லைனுக்கும் போய்ப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு ஓடிபி கேட்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி மீதுள்ள வரிசை எண்ணும் கன்சோலின் பின்புற எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஓடிபியைச் சொல்லுங்கள்.

உங்கள் பழைய டிஸ்க்குகளில் நல்ல செய்தி: பிஎஸ்4 டிஸ்க்குகள் சிலவற்றைத் தவிர எல்லாமே பிஎஸ்5-இல் ஓடும். சில கேம்களுக்கு பிஎஸ்5 வடிவம் இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கும். அதற்கும் டிஸ்க் டிரைவ் வேண்டும். டிரைவ் இல்லாத மாடலில் அந்தச் சலுகை கைவிட்டுப் போகும். மகன் முடித்த கேமை விற்று அடுத்ததை வாங்கலாம் என்பதும் டிஸ்க்கில் மட்டுமே நடக்கும். இறக்கி வாங்கிய கேம் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். 2021-இல் டிரைவ் உள்ள மாடலுக்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய். டிஸ்க்குகளை வாங்கி விற்கும் வீட்டில் அந்தத் தொகை நாளடைவில் திரும்பிவிடும்.

பழைய டிஸ்க் வாங்கும்போது பளபளப்பான அடிப்புறத்தை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம். கீறல் விழுந்த டிவிடியை மெஷினில் தேய்த்துச் சரிசெய்து தருபவர்கள் உண்டு. அவர்களிடம் புளூரேயைக் கொடுத்துவிடாதீர்கள். டிவிடியில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, தேய்க்க இடம் உண்டு. புளூரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். தேய்த்தால் கீறலோடு காப்புப் பூச்சும் போய்விடும். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகள் எல்லாமே புளூரே வகை.

மலை வீட்டுக்கென்று இரண்டே சொல்கிறேன். பனி உள்ளே வரும் ஜன்னலுக்கு அருகில் கன்சோலை வைக்காதீர்கள்; லென்ஸில் ஈரம் படிந்தால் டிஸ்க் படிக்காது, அணைத்து வைத்து ஈரம் உலரும்வரை காத்திருக்க வேண்டும். இடி இடிக்கும்போது பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பழுதானால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பழுதுபார்க்கப் போக வேண்டும்.

விசிடிப் பெட்டிதான் மிச்சம். பிஎஸ்5 டிவிடியைப் படிக்கும், சிடி வகை எதையும் படிக்காது. பிஎஸ்4-இலேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பழைய டிவிடி பிளேயர் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிவியின் பின்புறம் சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயர் செருகும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய டிவிகள் சிலவற்றில் அவை இல்லை. அப்படியானால் எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறு அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.