செல்லின் சுவாசத்தை மின்னோட்டத்தால் அளப்பது எப்படி?

கேள்வி: உயிருள்ள செல்களைக் கொல்லாமலும் சாயமேற்றாமலும் அவற்றின் செயல்பாட்டை மின்வேதி உணரிகளால் அளக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

பதில்: உயிருள்ள செல் சும்மா இருப்பதில்லை, ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் உள்ளே இழுத்துக்கொண்டு, அமிலத்தையும் வேறு பல பொருள்களையும் வெளியே விடுகிறது. அவற்றுள் எலெக்ட்ரானை எளிதில் கொடுக்கவோ வாங்கவோ கூடிய பொருள், தகுந்த மின்னழுத்தத்தில் வைக்கப்பட்ட மின்முனையைச் சேரும்போது எழும் மின்னோட்டம், அப்பொருளின் செறிவைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் லேலண்ட் கிளார்க் 1956இல் வெளியிட்ட ஆக்சிஜன் மின்முனை இதற்கு நல்ல சான்று: பிளாட்டினத்தின் மேல் மெல்லிய பாலிஎத்திலீன் சவ்வு; அதனூடே வரும் ஆக்சிஜன் அங்கே எலெக்ட்ரான்களைப் பெறும். செல்கள் இருக்கும் மூடிய பாத்திரத்தில் மின்னோட்டம் எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ, அவ்வளவு விரைவாகச் செல்கள் சுவாசிக்கின்றன. (மின்முனையும் கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்னும், அதைக் கழிக்க மறக்கக் கூடாது.)

எனக்கு இதைவிட வியப்பூட்டுவது கார்பன் இழை மின்முனைதான். சில மைக்ரோமீட்டரே தடிமனுள்ள அந்த இழையை, அட்ரீனல் சுரப்பியில் அட்ரினலின் ஹார்மோனைச் சுரக்கும் ஒரே ஒரு குரோமாஃபின் செல்லை மெல்லத் தொடும்படி வைத்துச் செல்லைத் தூண்டினால், ஹார்மோன் நிரம்பிய நுண்பை ஒவ்வொன்றும் செல்சவ்வோடு இணைந்து திறக்கும்போது, சில மில்லிவினாடிகளே நீடிக்கும் கூரிய முகடு ஒன்று திரையில் எழும். ஓர் அட்ரினலின் மூலக்கூறு இரண்டு எலெக்ட்ரான்களைத் தருவதாகக் கொண்டால், முகட்டின் பரப்பு, அதாவது மின்முனை பெற்ற மொத்த மின்னூட்டம், ஒரு பிக்கோகூலோம் (கூலோமில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு) எனில் சுமார் 31 லட்சம் மூலக்கூறுகள் வெளிவந்தன என்று கணக்கிட்டுவிடலாம்.

சிக்கல்களும் உண்டு. அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதாவது எலெக்ட்ரான்களை இழந்து, அளவீட்டைக் குழப்பும். புரதங்கள் மின்முனையில் படிந்து அதன் உணர்திறனை மழுங்கடிக்கும். ஆகவே சோதனைக்கு முன்னும் பின்னும், செறிவு தெரிந்த கரைசலில் உணரியைச் சரிபார்க்காமல் எடுத்த அளவீட்டை நான் நம்பமாட்டேன்.