இங்கிலீஷ் கேள்வி-பதில்: 'இட்' எங்கே வரும்?

கேள்வி: 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி என்கிறார்கள். 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் ஏன் தவறு?

பதில்: ஆஃப், அப், அவுட், டவுன் போன்ற ஒரு குட்டிச்சொல் வினையோடு ஒட்டி ஒரே பொருள் தரும்போது, செயப்படுபொருள் பெயர்ச்சொல் என்றால் எந்தப் பக்கமும் வரலாம். இட், ஹிம், ஹெர், தெம் என்றால் நடுவில்தான்: 'டர்ன் இட் ஆஃப்', 'பிக் ஹெர் அப்', 'த்ரோ தெம் அவே'. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் கடைசி இடம் பெரும்பாலும் புதிய செய்திக்கு உரியது. அழுத்தமும் அங்கேதான் விழும். 'இட்' ஏற்கெனவே பேசிய பொருள், அழுத்தம் வாங்காது. அதனால் அந்த இடத்தை 'ஆஃப்' பிடித்துக்கொள்கிறது. பேசும்போதும் 'ஆஃப்'பைத்தான் அழுத்த வேண்டும். பெயர்த்தொடர் நீளமாக இருந்தால் நிலைமை தலைகீழ். அதை நடுவில் திணித்தால் படிப்பவர் 'ஆஃப்' வருவதற்குள் வினையையே மறந்துவிடுவார். கடைசியில் போடுங்கள்.

ஆனால் எல்லாக் கூட்டும் இப்படிப் பிரியாது. இந்த இரண்டையும் பாருங்கள்: 'ஷி ரான் அப் எ பில்', 'ஷி ரான் அப் எ ஹில்'. முதலாவதில் பில் பாக்கி ஏறிக்கொண்டே போனது. இரண்டாவதில் குன்றின் மேல் ஓடினாள். 'இட்' போட்டால் குட்டு வெளிப்படும். பில்லுக்கு 'ரான் இட் அப்', குன்றுக்கு 'ரான் அப் இட்'. பில்லில் 'அப்' வினையின் பங்காளி. குன்றில் அது வெறும் திசை காட்டி 'ஹில்'லோடு சேர்கிறது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' பிரியாததும் இதே போலத்தான். பொருளை வைத்து எது பிரியும் என்று ஊகிப்பது வீண் வேலை. மாணவர் அகராதிகள் பலவற்றில், பிரியும் கூட்டுகளுக்கு நடுவே இருதலை அம்புக்குறி இருக்கும், அதைப் பாருங்கள்.

மூன்று சொல் கூட்டில் பெரும்பாலும் குழப்பம் இல்லை, செயப்படுபொருள் கடைசியில்தான்: 'புட் அப் வித் இட்', 'ரன் அவுட் ஆஃப் இட்'. இவற்றைப் பார்த்துப் பலர் 'கோப் அப் வித்' என்று எழுதுகிறார்கள். அங்கே 'அப்' கிடையாது. 'கோப் வித்' மட்டுமே.

கேள்வி: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று மெயிலில் எழுதினேன். 'மீட்டிங்' என்று திருத்தினார்கள். 'டு'வுக்குப் பின் 'இங்' வருமா?

பதில்: வரும். ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வகை. ஒன்றின் பின் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ வரும், மற்றதன் பின் வெறும் வினை வரும். சோதிக்க, அதன் பின்னால் 'இட்' போடுங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது, ஆகவே 'மீட்டிங்'. 'ஐ வான்ட் டு இட்' நிற்காது, ஆகவே 'டு மீட்'.

இதே சோதனை 'யூஸ்ட் டு' சிக்கலையும் தீர்க்கும். 'ஐ யூஸ்ட் டு டிரைவ் அட் நைட்' என்றால் முன்பு ஓட்டுவேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்' என்றால் இரவில் ஓட்டிப் பழகிவிட்டது. பேச்சில் 'யூஸ்ட்'டின் கடைசி ஒலி 'டு'வில் கரைந்துவிடுவதால், எழுத்தில் பலர் 'டி'யை விட்டுவிடுகிறார்கள். அதை விட வேண்டிய இடம் ஒன்றுண்டு: 'டிட்'டுக்குப் பிறகு. 'ஐ டிட் நாட் யூஸ் டு டிரைவ்.'

கேள்வி: 'பை ஃபைவ்', 'அன்டில் ஃபைவ்' இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. 'பை' என்றால் ஐந்து மணிக்குள், 'அன்டில்' என்றால் ஐந்து மணி வரை. வேலையை முடிப்பது 'பை ஃபைவ்', காத்திருப்பது 'அன்டில் ஃபைவ்'. 'ஃபினிஷ் இட் அன்டில் ஃபைவ்' என்று எழுதாதீர்கள்.

கேள்வி: 'லாகின்' ஒரே சொல்லா, இரண்டா?

பதில்: பெயர்ச்சொல் என்றால் சேர்த்து, வினை என்றால் பிரித்து. சந்தேகம் வந்தால் இறந்த காலத்துக்கு மாற்றுங்கள். 'லாக்ட் இன்' என்று இரண்டாகப் பிரிந்தால் அது வினை. 'பேக்கப்', 'செட்டப்' இரண்டும்கூட பெயர்ச்சொல் என்றால் சேர்த்து, வினை என்றால் பிரித்துத்தான்.