வாசகர் கேள்வி – பதில்: லௌடன் கவுண்டியின் புதிய பள்ளிகளும் விளையாட்டு அணிகளும்

கேள்வி: என் மகள் குடும்பம் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் லௌடன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) இருக்கிறது. பேரன் படிக்கப்போகும் அரசுப் பள்ளியில் உயரமான விளக்குக் கம்பங்களோடு பெரிய மைதானம் இருப்பதைப் படத்தில் பார்த்தேன். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? – வாசகர், திருச்சி

பதில்: பெரும்பகுதி உள்ளூர் வரிப் பணம். புதுப் பள்ளி கட்டக் கவுண்டி கடன்பத்திரம் வெளியிடும். அதற்கு நவம்பர் தேர்தலில் வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்கும். அந்தக் கவுண்டியின் ஆஷ்பர்ன் பகுதியில் திரண்டிருக்கும் தரவு மையங்கள் தங்கள் கணினிச் சாதனங்களுக்காகச் செலுத்தும் வரியும் பெரிய வருவாய். அதற்கு மேல், அணிகளின் சில்லறைச் செலவுகளுக்குப் பெற்றோர் நடத்தும் பூஸ்டர் சங்கங்கள் நிதி திரட்டுகின்றன. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தின்போது மைதானத்துக் கடையில் நின்று ஹாட் டாக் விற்பவர்கள் பெரும்பாலும் வீரர்களின் தாய் தந்தையரே. பெற்றோரின் பங்கு இங்கே புதிதன்று. நிறப்பிரிவினைக் காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் தாமே பணம் சேர்த்து நிலம் வாங்கிக் கவுண்டியிடம் ஒப்படைத்ததால்தான் 1941இல் லீஸ்பர்க்கில் டக்ளஸ் உயர்நிலைப்பள்ளி எழுந்தது.

கேள்வி: ஆஷ்பர்னில் வசிக்கிறோம். மகன் அடுத்த ஆண்டு 9ஆம் வகுப்பு. முகவரிப்படி பள்ளி ஒதுக்கும் எல்லைகளை மாற்றி வரைந்ததில் எங்கள் தெரு புதிய பள்ளிக்குப் போய்விட்டது. நண்பர்களும் நல்ல கூடைப்பந்து அணியும் பழைய பள்ளியில்தான். உறவினர் முகவரியைக் கொடுத்து அங்கே சேர்க்கலாமா? – வாசகி, வர்ஜீனியா

பதில்: வேண்டாம், அம்மா. பொய் முகவரி பின்னால் தெரியவந்தால் மகன் ஆடும் தகுதியை இழப்பதோடு, அவன் ஆடி வென்ற ஆட்டங்களும் அணியின் கணக்கிலிருந்து பறிபோகக்கூடும். ஒரு பிள்ளையின் தலையில் அத்தனை பழியையும் ஏற்றக் கூடாது. முதலில் ஒன்றில் சேர்ந்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்வதும் எளிதன்று: பெற்றோர் வீடு மாறாமல் மாணவர் மட்டும் பள்ளி மாறினால், வர்ஜீனியா உயர்நிலைப்பள்ளிக் கழகத்தின் விதிப்படி பொதுவாக 365 நாட்கள் போட்டிகளில் ஆட முடியாது. சிறப்பு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வழியுண்டு, அதுவே நேர்வழி.

ஆனால் புதிய பள்ளியை இழப்பாகக் கருதுவதே சரியன்று என்பது என் உறுதியான எண்ணம். 1990இல் சுமார் 86,000 பேர் வாழ்ந்த இந்தக் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 4,20,959 பேர். 2000 முதல் பத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப்பள்ளிகள் திறக்கப்பட்டுள்ளன. பள்ளி எவ்வளவு பெரிதானாலும் கூடைப்பந்து அணியில் பதினைந்து பேருக்கு மேல் இடமிருப்பது அரிது. ஆகவே பள்ளி பெருகினால்தான் இடமும் பெருகும். அதிலும் புதிய பள்ளி பெரும்பாலும் 12ஆம் வகுப்பு இல்லாமலே தொடங்குவதால், கீழ்வகுப்பு மாணவருக்கும் களமிறங்கும் வாய்ப்பு விரைவில் வருகிறது. 2005இல் திறந்த பிரையர் வுட்ஸ் பள்ளி 2010, 2011, 2012 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கக் கால்பந்தில் மாநிலப் பட்டம் வென்றது. அந்த அணியின் டிரேஸ் மெக்சார்லி பின்னர் தொழில்முறை ஆட்டக்காரரானார்.

கூடைப்பந்தில் தேர்வாகாவிட்டால் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தையும் (புல்வெளி, மேடுபள்ளப் பாதைகளில் நெடுந்தூரம் ஓடுவது) எண்ணிப் பாருங்கள். பல பள்ளிகளில் அதில் எவரையும் கழிப்பதில்லை. பர்சல்வில்லில் உள்ள லௌடன் வேலி பள்ளியின் மாணவர் அணி 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதல் ஐவர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகை பெற்ற அணி வெல்லும். முதலாவதாக வந்தவனின் சாதனையை ஐந்தாமவன் தளர்ந்தால் காப்பாற்ற முடியாது என்பதால், பயிற்சியாளரின் கவனம் நடுத்தரத் திறனுள்ள ஓட்டக்காரர்கள் மீதும் விழுகிறது.

மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவத்தைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் அணிக்கு ஆளெடுக்கும் தேர்வுப் பயிற்சிக்கே அனுமதியில்லை. 9ஆம் வகுப்பு தொடங்கிய பின், ஒவ்வொரு பருவத்திலும் ஐந்து பாடங்களிலாவது தேர்ச்சி பெற்றால்தான் அடுத்த பருவத்தில் ஆட முடியும்.