மூன்றாம் வகுப்பு மகளைச் சாரணியத்தில் சேர்ப்பது பற்றி

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைச் சாரணியத்தில் (ஸ்கவுட்ஸ், கைட்ஸ்) சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம். "ஆறாம் வகுப்புக்கு மேல்தான்" என்று பள்ளியில் சொன்னது சாரணியர் (கைட்ஸ்) பிரிவுக்குத்தான். அதற்குப் 10 வயது ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு 8 வயது என்பதால் அவளுக்கு உரியது சின்னப் பெண் பிள்ளைகளுக்கான நீலப்பறவையர் (புல்புல்) பிரிவு. (பையன்களுக்குக் குருளையர்.) அநேகமாக அந்தப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவே இருக்காது.

1. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் மாவட்டச் செயலாளரிடம், பள்ளி சாராத திறந்தநிலைக் குழு பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

2. பணம் கட்டும் முன் குழுவின் பதிவு இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு கூட்டத்தை நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் ஆறாறு பேராகப் பிரிந்து விளையாடினால் சரி. முழுநேரமும் அணிவகுப்புதான் என்றால் வேறு குழு தேடுங்கள்.

நீங்களும் கூடச் சேர்வது வேறு கதை. கூடமாட உதவலாம், ஆனால் குழுவின் பொறுப்பாளர் ஆவதற்கு அடிப்படைப் பயிற்சி முகாம் முடிக்க வேண்டும்.