மைன்கிராஃப்டில் வீடு கட்டும் மகள்: ஒரு தாயின் கவலைக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், மிச்ச நேரத்தையெல்லாம் மைன்கிராஃப்ட் என்ற, கட்டங்களை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டில் வீடு கட்டுவதிலும் அதைப் படமெடுத்து மெருகேற்றுவதிலும் செலவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இது எங்கே போய் முடியும் என்பது உங்கள் கேள்வி. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

முதல் படம் விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்த ஸ்கிரீன்ஷாட். உச்சி வெயிலில் சுவர், தூண், ஓடு எல்லாம் தட்டையாகத் தெரிகின்றன. கீழே பொருள்கள் அடுக்கிய பட்டையும் இதயக் குறிகளும் மறைக்கின்றன. இரண்டாவதில் எஃப்1 விசையை அழுத்தி அவற்றை நீக்கியிருக்கிறாள். பொழுதைச் சாய்த்து, ஒளியையும் நிழலையும் இயல்பாகக் காட்டும் ஷேடர் என்ற கூடுதல் மென்பொருளைச் சேர்த்து, தூண்களின் நிழலைத் திண்ணையில் நீளமாக விழவைத்திருக்கிறாள். பார்வைக் கோணத்தைக் குறைத்து, எட்டி நின்று எடுத்திருப்பதால் தூண்கள் சாயாமல் நிற்கின்றன. கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்த நேர்க்கோட்டைத்தான். யாரும் சொல்லித் தரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அவளுக்கு நல்ல கண் இருக்கிறது.

ஒரு பிழையும் இருக்கிறது. அவள் ஒட்டியுள்ள புதிய வானத்தில் சூரியன் வீட்டுக்குப் பின்னால் இறங்குகிறது. ஆனால் முன்சுவர் முழு வெயிலில் மின்னுகிறது. தூண் நிழலும் உள்ளே, சுவரை நோக்கி விழுகிறது. வெயில் முன்பக்கத்திலிருந்து வந்தால்தான் அப்படி விழும். குறையாகச் சொல்லாமல், "சூரியன் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அவளே திருத்திவிடுவாள்.

இந்தத் திறமைக்கு வேலை உண்டு. இன்னும் கட்டாத அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பளபளப்பான படங்களை நாளிதழ் விளம்பரங்களில் பார்க்கிறீர்களே, அவை புகைப்படங்கள் அல்ல. வரைபடத்தைப் பார்த்துக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்து, ஒளி அமைத்து, கடைசியில் போட்டோஷாப்பில் மெருகேற்றியவை. ஆர்க்கிடெக்சுரல் விஷுவலைசேஷன் என்ற தொழில் அது. விளையாட்டுகளுக்கும் திரைப்படங்களுக்கும் சூழல் வடிவமைப்பவர்களும் இதே கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். மைன்கிராஃப்டையே நகர வடிவமைப்பில் பயன்படுத்தியிருக்கிறார்கள்: ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யூஎன்-ஹாபிடாட், 2012இல் அந்த விளையாட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்துடன் சேர்ந்து ‘பிளாக் பை பிளாக்’ திட்டத்தைத் தொடங்கியது. நேபாளத்தின் கீர்த்திப்பூர், நைரோபியின் கிபேரா போன்ற இடங்களில் பொதுவெளி எப்படி அமைய வேண்டும் என்று மக்களே மைன்கிராஃப்டில் கட்டிக் காட்டினார்கள்.

ஆனாலும் விளையாட்டுப் படங்களை மட்டும் காட்டி யாரும் சம்பளம் வாங்கிவிட முடியாது. மைன்கிராஃப்டில் ஒரு கட்டம் ஒரு மீட்டர். ஜன்னல் அகலமும் படி உயரமும் அதற்குள் அடங்கியாக வேண்டும். நிஜக் கட்டடம் மில்லிமீட்டர் கணக்கில் எழுகிறது. அதனால் அவள் அடுத்து பிளெண்டர் பழகட்டும். அது முப்பரிமாண மாதிரி செய்யும் இலவச மென்பொருள். மைன்வேஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருள் அவள் கட்டிய வீட்டையே பிளெண்டருக்குள் கொண்டுவந்துவிடும் என்பதால் புதிதாகத் தொடங்கும் மலைப்பு இருக்காது. பிறகு உங்கள் வீட்டுக் கூடத்தை டேப்பால் அளந்து, அதே அளவில் செய்து, காலை எட்டு மணி வெயிலை அமைக்கட்டும். மறுநாள் அதே நேரத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது பொய்யாகத் தெரிகிறது என்பது உடனே புரியும். எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் இந்தப் பயிற்சி பெரிது என்று உறுதியாக நம்புகிறேன்.

படங்களைத் தொகுக்கும்போது எது தன் கைவேலை, எது பிறர் செய்த ஷேடர், எந்த வானம் எங்கிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம். மெருகேற்றாத மூலப் படங்களையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

படிப்புக்கு வருவோம். கட்டடக் கலையில் ஐந்தாண்டு பி.ஆர்க். சேர நாட்டா என்ற நுழைவுத் தேர்வையோ ஜே.இ.இ. மெயினின் கட்டடக் கலைத் தாளையோ எழுத வேண்டும். அதற்குக் கணிதமும் இயற்பியலும் தேவை. ஆகவே இப்போதுள்ள பிரிவை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். நான்காண்டு பி.டெஸ். என்ற வடிவமைப்புப் படிப்புக்கு ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வு இருக்கிறது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. தனியாகத் தேர்வு நடத்துகிறது. இவை எல்லாவற்றிலும் கையால் வரையும் திறமையைச் சோதிக்கிறார்கள். உங்கள் மகளிடம் எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான். அவள் பென்சில் பிடித்ததாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. தினமும் அரை மணி நேரம், கண்ணெதிரே இருக்கும் நாற்காலியையோ தெருமுனைக் கடையையோ பார்த்து வரையட்டும். கணினி நேரத்தைக் குறைக்க நினைத்தால், அந்த அரை மணியை அதிலிருந்து எடுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட அந்த அனிமேஷன் டிப்ளமாவுக்கு இப்போது முன்பணம் கட்ட வேண்டாம். அங்கே படித்து இன்று வேலையில் இருக்கும் இருவருடைய தொடர்பைக் கேளுங்கள். என்ன வேலை, என்ன சம்பளம், எந்த மென்பொருளை அங்கே உண்மையாகவே கற்றார்கள் என்று அவர்களிடம் நேரடியாக விசாரியுங்கள். தொடர்பைத் தரத் தயங்கினால், அந்த விண்ணப்பத்தை அத்துடன் விட்டுவிடுங்கள்.