சிஸ்டர் பதில்கள்: ஊசி மருந்து ஆம்பூல் மாறிப் போச்சு, சொல்லவா வேண்டாமா?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். நான் ஒரு பி.எச்.சி-ல (ஆரம்ப சுகாதார நிலையம்) ஸ்டாஃப் நர்ஸ், கான்ட்ராக்ட்தான். நைட் டூட்டில நானும் ஒரு ஆயாம்மாவும் மட்டும்தான். போன வாரம் ஒரு டெலிவரி முடிஞ்சு குழந்தைக்கு ரத்தக்கசிவு வராம இருக்க போடற விட்டமின் கே-ய சிரிஞ்சுல ஏத்திட்டு இருக்கேன், வெளிய நாய்க்கடின்னு கதவ தட்றாங்க, போன் வேற அடிக்குது. போடப் போற நேரத்துல பாத்தா நான் உடைச்சது மெத்தர்ஜின் ஆம்பூல். போடல, குழந்தை நல்லாருக்கு. எங்க டாக்டர், எம்.ஓ-கிட்ட (மெடிக்கல் ஆபீசர்) சொன்னா மெமோ வருமோன்னு பயமா இருக்கு, அப்படியே விட்டுடலாமா?
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: விட்டுடாதம்மா, சொல்லிடு. மெத்தர்ஜின் பிரசவமான அம்மாவுக்கு ரத்தப்போக்க நிறுத்த போடறது, பிபி இருந்தா அவங்களுக்கே போடக்கூடாது, பச்சக் குழந்தைக்கு போனா ஃபிட்ஸ் வரும், மூச்சே நின்னு போகலாம். நீ கடைசி நேரத்துல பாத்த பாரு, அதுதான் குழந்தைய காப்பாத்துச்சு. இந்த ரெண்டு மருந்தும் மாறிப் போனது பல நாட்டு மெடிக்கல் ஜர்னல்ல வந்திருக்கு, ஏன்னா ரெண்டுமே சின்ன ஆம்பூல், ரெண்டுமே குழந்தை பிறந்த கையோட எடுக்கறது, பக்கத்து பக்கத்துல கிடந்தா அவசரத்துல எந்தக் கைக்கும் மாறும்.

எம்.ஓ-கிட்ட போறப்ப வெறும் மன்னிப்போட போகாத, அந்த ட்ரேயையும் எடுத்துட்டு போய் காட்டு. லேபர் ரூமுக்கு ஏழு ட்ரேன்னு மத்திய அரசு வழிகாட்டிலயே இருக்கு, விட்டமின் கே பேபி ட்ரேல தனியா இருக்கணும், அம்மாவுக்கு போடற எதுவும் அதுல வரக்கூடாது. மெத்தர்ஜின் ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும், ஆனா தடுப்பூசிக்குன்னே இருக்கற ஐ.எல்.ஆர் ஃப்ரிட்ஜ்ல வைக்கவே வைக்காத. அப்புறம் மருந்து ஏத்தற அந்த ரெண்டு நிமிஷம் உன்னை யாரும் கூப்பிடக்கூடாது, கதவையும் போனையும் ஆயாம்மா பாத்துக்கணும்னு எம்.ஓ வாயாலயே சொல்ல வை, நீ சொன்னா எடுபடாது.

இத படிக்கற டாக்டர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பசிபிக் கடல்ல இருக்கற சமோவா தீவுல 2018-ல, தட்டம்மை வராம இருக்க போடற எம்.எம்.ஆர் தடுப்பூசிய கலக்க தண்ணிக்கு பதிலா தசைய தளர வைக்கற மயக்க மருந்த ஊத்திட்டாங்க, ரெண்டு குழந்தைங்க செத்துப் போச்சு. ரெண்டு நர்ஸுக்கும் அஞ்சு வருஷம் ஜெயில். ஊசி போடறதயே மாசக்கணக்கா நிறுத்தி வெச்சாங்க, ஜனங்களுக்கும் நம்பிக்கை போச்சு, 2019-ல தட்டம்மை வந்து 83 பேர் போயிட்டாங்க, பாதிக்கு மேல சின்னஞ்சிறுசுங்க. செத்த குழந்தைங்களுக்கு நியாயம் வேணாம்னு நான் சொல்லல. ஆனா அந்த மயக்க மருந்து தடுப்பூசி போடற இடத்துக்கு எப்படி வந்துச்சுன்ற கேள்விக்கு ஜெயில் பதில் சொல்லாது. இந்தப் பொண்ணு பயந்துக்கிட்டே வந்து நிக்கறப்ப நீங்க மெமோ குடுத்தீங்கன்னா அடுத்த சிஸ்டர் வரவே மாட்டா, ட்ரேவும் அப்படியேதான் கிடக்கும்.

கேள்வி: எங்க ஊர் பி.எச்.சி-ல சுகர் மாத்திரை வாங்கப் போனா சிஸ்டர் மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறாங்க. அரசு சுகாதார உதவி எண் 104-க்கு போன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமா?
- ஒரு வாசகர்

பதில்: தாராளமா பண்ணுங்க ஐயா, ஆனா அங்க எத்தனை சிஸ்டர் இருக்காங்கன்னு ஒரு நாள் நின்னு பாத்துட்டு பண்ணுங்க. ஊசி, ட்ரெஸ்ஸிங், டெலிவரி, ஆன்லைன் என்ட்ரின்னு எல்லாத்துக்கும் ஒரே ஆள் ஓடறது நிறைய இடத்துல நடக்குது. 2014-ல லான்செட்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு, ஒன்பது ஐரோப்பிய நாடுகள்ல ஆபரேஷன் ஆனவங்கள வெச்சு பண்ணது, ஒரு நர்ஸ் தலைல ஒரு பேஷன்ட் கூடினா சாவு அபாயம் 7 சதவீதம் கூடுதுன்னு சொல்லுது. அது பெரிய ஆஸ்பத்திரி கணக்கு, ஆனாலும் ஒத்த ஆளா நிக்கற சிஸ்டர நினைச்சுப் பாருங்க. ஆள் பத்தலன்னு தெரிஞ்சா 104-ல "எங்க ஊருக்கு இன்னொரு சிஸ்டர் போடுங்க"ன்னு கேளுங்க, கிராம சபைலயும் எழுதிக் குடுங்க. மாத்திரை வாங்கினதும் பேரையும் எம்.ஜி-யையும் உங்க நோட்டோட ஒத்துப் பாருங்க, மாறி இருந்தா அங்கயே நின்னு கேளுங்க, அதுக்கு யார் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.