மாடு, எருமை, நாய், யானை: பருவம் பற்றிய கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர் ஐயா, வீட்டில் ஒரு கலப்பினப் பசு. மூன்று முறை சினை ஊசி போட்டாச்சு, சினை நிற்கவே இல்லை. காலையில் கத்த ஆரம்பித்தால் உடனே ஆளைக் கூப்பிட்டு ஊசி போட்டு விடுகிறோம்.

பதில்: அந்த 'உடனே'தான் எனக்கு இடிக்கிறது. பசு பருவத்தில், அதாவது இணைக்கு இசையும் நிலையில், இருப்பது பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம். கருமுட்டை வெளியே வருவது பருவம் அடங்கி 10, 12 மணி நேரம் கழித்து. ஊசியில் போகும் விந்தணுவோ ஒரு நாள் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். அதனால் காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை.

கத்துவதை மட்டும் நம்பாதீர்கள். பசித்தாலும் கத்தும், கன்றைப் பிரித்தாலும் கத்தும். இன்னொரு மாடு மேலே தாவும்போது விலகாமல் நிற்கிறதா என்று பாருங்கள், அதைவிட உறுதியான அடையாளம் கிடையாது. உங்களிடம் இருப்பது ஒற்றை மாடு என்பதால், பிறப்புறுப்பிலிருந்து வடியும் கொழகொழப்பான வழும்பைத்தான் கவனிக்க வேண்டும். நல்ல பருவத்தில் அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, அறுபடாமல் நீளமாகத் தொங்கும். இரவில் வடிந்தது வாலிலும் பின்தொடையிலும் காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். விடியற்காலையில் சாணி அள்ளும்போதே வாலைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

வழும்பில் வெள்ளைத் திரியோ சீழோ தெரிந்தால் கருப்பையில் தொற்று இருக்கலாம். அப்போது ஊசியைத் தள்ளிப்போட்டு வைத்தியம் பார்க்க வேண்டும். மூன்று முறை தவறிய மாடு என்பதால் எப்படியும் அடுத்த ஊசிக்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். தாது உப்புக் கலவையை தினமும் தீவனத்தில் சேருங்கள்.

கேள்வி: ஊசி போட்டு இரண்டாம் நாள் பசுவுக்குக் கொஞ்சம் ரத்தம் வந்தது. சினை கலைந்துவிட்டதா சார்?

பதில்: இல்லை. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சில பசுக்களுக்கும், குறிப்பாக இன்னும் கன்று போடாத கிடாரிகளுக்கும், இப்படி வருவது இயல்பு. இதை வைத்து சினை பிடித்தது என்றும் சொல்ல முடியாது, பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தேதியைக் குறித்து வையுங்கள். பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள் என்பதால், 18-ஆம் நாளிலிருந்து மறுபடி பருவம் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எருமை கன்று போட்டு ஐந்து மாதம் ஆகிறது, பருவத்துக்கே வரவில்லை. விற்றுவிடலாம் என்கிறார் என் மாமனார்.

பதில்: கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். எருமைக்குப் பருவம் வந்தும் நமக்குத் தெரியாமல் போவது சர்வ சாதாரணம், ஊமைப் பருவம் என்பது இதுதான். பசு மாதிரி கத்தி ஊரைக் கூட்டாது, ஒன்றன்மேல் ஒன்று தாவுவதும் குறைவு, வழும்பும் பல சமயம் படுத்திருக்கும்போதுதான் வடியும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் போவது, பால் குறைவது, இப்படிச் சின்ன அடையாளங்கள்தான் இருக்கும். அதுவும் இரவிலோ விடியலிலோதான் அதிகம். கோடையில் இன்னும் மங்கிவிடும். நிழலும் நல்ல தண்ணீரும் கொடுங்கள், உச்சி வெயிலில் அதன் உடம்பை நனைத்துவிடுங்கள். ஒருமுறை சினைப்பை பரிசோதனையும் செய்துவிடுங்கள். அது ஏற்கெனவே சினையாக இருந்தாலும் இருக்கும், பார்க்காமல் விற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பசு இரட்டைக் கன்று போட்டது, ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரியை வளர்க்கலாமா?

பதில்: பால் மாடாக ஆக்கும் எண்ணத்தில் வேண்டாம். காளையோடு பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடாகத்தான் இருக்கும். வயிற்றில் இரண்டுக்கும் ரத்த ஓட்டம் கலந்து, ஆண் கன்றின் ஹார்மோன் பெண் கன்றின் உறுப்புகளை வளரவிடாமல் செய்துவிடுகிறது.

கேள்வி: தெருவில் நாய்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் பையன்கள் கல்லெறிகிறார்கள். தண்ணீர் ஊற்றிப் பிரித்துவிட்டால் நல்லதில்லையா அண்ணா?

பதில்: தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஆண் குறியின் அடிப்பகுதி வீங்கிப் பெண் நாயின் உடலுக்குள் பூட்டிக்கொள்வதால்தான் அப்படி நிற்கின்றன. வீக்கம் வடிய சில நிமிடத்திலிருந்து அரை மணி நேரம்வரை ஆகும், வடிந்ததும் தானே பிரிந்துவிடும். அடித்தோ இழுத்தோ பிரித்தால் இரண்டுக்கும் உள்ளே கிழிந்துபோகலாம். அந்தப் பையன்களை நிறுத்தி இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். குட்டிகள் வேண்டாம் என்றால் கருத்தடை அறுவைதான் வழி.

கேள்வி: ஆண் யானைக்கு மதம் பிடிப்பது பெண் யானையைத் தேடித்தானே?

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மதகாலத்தில் ஆண் ஹார்மோன் பல மடங்கு ஏறும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் ஒழுகும், மூத்திரம் சொட்டிக்கொண்டே இருக்கும். பெண்ணைத் தேடி அலைவதும் மற்ற ஆண்களோடு மோதுவதும் அப்போது கூடும். மதம் பிடிக்காத ஆணும் இணை சேரும். பெண் யானையின் சுழற்சி ஏறக்குறைய 16 வாரம், அதில் இணைக்கு இசைவது சில நாள் மட்டும். சினைக்காலமோ 22 மாதம். மதகாலத்தில் கோயில் யானையின் பக்கத்தில் போகவே போகாதீர்கள், பாகனையே அடையாளம் பார்க்காது.

கேள்வி: பிப்ரவரியில் மூணாறு போனோம். அங்கே இரவிகுளம் தேசியப் பூங்காவில் உள்ளே விடவில்லை, வரையாடு குட்டி போடும் காலம் என்றார்கள். வருடா வருடம் அதே மாதம் எப்படி?

பதில்: வரையாடு இணை சேர்வது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். சினைக்காலம் சுமார் ஆறு மாதம், கணக்குப் போட்டால் குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் விழும். ஆள் கூட்டத்தில் தாய் மிரண்டு ஓடினால் பிறந்து சில நாளே ஆன குட்டி பாறையில் தனியாக நிற்கும். அதற்காகத்தான் அந்த அடைப்பு. ஏப்ரலில் போய்ப் பாருங்கள், குட்டிகளோடு மந்தையையே பார்க்கலாம்.